மூன்றாவது சாவி

குப்பைப் பையைத் தொட்டியில் போட்டுவிட்டு லிஃப்டை நோக்கித் திரும்பியவள், அடித்தளத்தின் கடைசி மூலையில் தன் கார் பக்கக் கண்ணாடிகளை விரிப்பதைப் பார்த்தாள்.

வேறு யாராவது பார்த்திருந்தால் கண்டுகொள்ளாமல் போயிருப்பார்கள். சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனாலே அந்தக் கார் ஆளைத் தெரிந்துகொண்டுவிடும். மடங்கிக் கிடக்கும் கண்ணாடிகள் இரண்டும் நாய்க்குட்டி காதை விடைப்பதுபோல விரியும், உள்ளே மஞ்சள் விளக்கு எரியும், ஓட்டுநர் இருக்கை வருகிறவரின் உயரத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் நகர்ந்து தயாராகும். வாங்கிய புதிதில் அவளுடைய ஆறு வயது மகள் சுண்டு, "அம்மா, கார் உன்னை வா வான்னு கூப்பிடுது" என்று கைதட்டிச் சிரித்தாள். எல்லாம் சரிதான். ஆனால் இப்போது சாவி அவள் கையில் இல்லை. மூன்றாவது மாடியில், வீட்டு அலமாரியில், தகர டப்பாவுக்குள் இருந்தது.

தகர டப்பா என்றதும் சிரிப்பவர்கள், முதல் கார் போன கதையைத் தெரியாதவர்கள். அந்தக் காரின் சாவியை அவள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவைப்பாள். ஒரு நாள் ஒருவன் ஏதோ கருவியோடு கதவுக்கு வெளியே நின்று சாவியின் சிக்னலைப் பிடித்திருக்கிறான். இன்னொருவன் கீழே காருக்குப் பக்கத்தில் நின்று அதை வாங்கியிருக்கிறான். பூட்டை உடைக்கவில்லை, ஒரு கீறல் சத்தமில்லை. சொந்த வண்டிபோல ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் இடுப்பு ஒடிந்தவர்களுக்கும் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். கார் இல்லாமல் பஸ் மாறிப் பஸ் மாறி அவள் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். சூடுபட்ட கை அவளுடையது. அடுத்த கார் வந்ததும், சிக்னல் வெளியே கசியாதபடி சாவி தகர டப்பாவுக்குள் போனது, ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே இரும்புத் தடி வந்தது, சக்கரத்துக்கு மஞ்சள் பூட்டு, சீட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல், வண்டி இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஒரு டிராக்கர். கப்பலில் வேலை பார்க்கும் கணவன் போனில் கேலி செய்தான். "சுண்டுவுக்குக்கூட நீ இவ்வளவு காவல் போட்டதில்லையே."

அப்படிக் காவல் போட்ட கார்தான் யாருக்காகவோ கண்ணாடிகளை விரித்துக்கொண்டிருந்தது.

அவள் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மறுபடியும் வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. அடித்தளத்தில் பகலும் இரவும் ஒன்றுதான், மாலை ஏழு மணிக்கும் அதே மங்கிய குழல்விளக்கு, அதே பெட்ரோல் வாடை, எங்கோ ஒரு குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர். தூணிலிருந்து தலையை நீட்டி வரிசை வரிசையாகப் பார்த்தாள். கார்களுக்கு நடுவில் யாரும் இல்லை. குனிந்து அடியிலும் பார்த்தாள். ஒரு கால்கூடத் தெரியவில்லை. ஆனால் காருக்குள் விளக்கு எரிந்தது, அந்த வெளிச்சத்தில் ஓட்டுநர் இருக்கை மெல்லிய மோட்டார் சத்தத்தோடு பின்னால் நகர ஆரம்பித்தது.

அவள் குள்ளம். இருக்கையை முன்னால் இழுத்து, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தாற்போல ஓட்டுவாள். கணவன் நெடுநெடுவென்று இருப்பான். அவனுடைய சாவிக்கு இருக்கை எவ்வளவு தூரம் பின்னால் போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தையும் தாண்டி அது போனது. பின் இருக்கையில் முட்டும்வரை போய், அதற்குமேல் இடமில்லாமல் மோட்டார் முனகியது. பிறகு நின்றது. ஒரு கதவும் திறக்கவில்லை. கார் மட்டும், யாரோ மெதுவாக ஏறி உட்கார்ந்ததைப்போல, ஓட்டுநர் பக்கமாக ஒரு சாண் அமுங்கியது.

எப்படி மாடி ஏறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். சாவிகள் இரண்டும், அவளுடையதும் கணவனுடையதும், உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

காலையில் வெளிச்சத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. கீழே போனாள். இரும்புத் தடி வைத்தது வைத்தபடி இருந்தது. சக்கரப் பூட்டும் அப்படியே. உள்ளே சில்லறைக்காசுகூட அசையவில்லை. டிராக்கரைப் பார்த்தால் வண்டி இரவு முழுக்க ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்றது. இருக்கை மட்டும், அவள் சாவியோடு வந்தும் முன்னால் நகராமல், கடைசிவரை பின்னால் போயிருந்தது, அதன் நடுவில் ஒரு குழி, அகலமான குழி. உள்ளே ஒரு வாடை. நாள்பட மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, ஈரச் சிமெண்டும் பாசியும் கலந்த மாதிரி, அது. ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சுண்டுவைப் பள்ளியில் விட்டுவிட்டு, நாள் முழுக்க ஊரைச் சுற்றினாள். வாடை போகவில்லை.

அன்று கணவன் போன் செய்தபோது சொன்னாள். கடல் நடுவிலிருந்து அவன் குரல் விட்டு விட்டு வந்தது.

"சிக்னல் கோளாறா இருக்கும்மா. எலக்ட்ரானிக்ஸ் வண்டின்னா அப்படித்தான்."

"வண்டி அமுங்குச்சுங்க. நான் கண்ணால பார்த்தேன்."

"ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொல்லு. இதுக்கெல்லாம் போய்ப் பயப்படுவாங்களா?"

அவள் பயந்தாள். ஆனால் பயத்தை அவள் அப்படியே விடுகிற ஆள் இல்லை. எதற்கும் ஒரு பூட்டு இருக்கும் என்று நம்புகிறவள். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியிடம் போய்க் கேமராப் பதிவைக் காட்டச் சொன்னாள். அவர் தயங்கினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், டீயைக் குடித்து முடித்தார், பிறகுதான் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

முந்தின நாள் மட்டுமல்ல. அதற்கு முந்தின நாளும், அதற்கு முந்தின நாளும். பொழுது சாய்ந்ததும் ஆளில்லாத அடித்தளத்தில் கார் விழித்துக்கொள்கிறது. கண்ணாடிகள் விரிகின்றன. வண்டி அமுங்குகிறது. வெகுநேரம் அப்படியே கிடக்கிறது. விடியப்போகும் நேரத்தில் மெல்ல எழும்புகிறது, கண்ணாடிகள் மடங்குகின்றன. அவ்வளவுதான். காலையில் இருக்கையை முன்னால் இழுத்துவிட்டது எத்தனை தடவை என்று அவளுக்கு நினைவு வந்தது. சுண்டு பொத்தானை அமுக்கி விளையாடியிருப்பாள் என்று திட்டியதும் நினைவு வந்தது.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"நான் ராத்திரியில கீழ இறங்குறதில்லம்மா."

"தெரியுமான்னு கேட்டேன்."

காவலாளி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எதையும் எடுக்கலையேம்மா. உடைக்கல, ஓட்டிட்டுப் போகல. வருது, உக்காருது, போகுது. அதுக்கு உக்கார ஒரு இடம் கிடைச்சிருக்கு. விட்டுடுங்களேன்."

"அது என் வண்டி" என்றாள் அவள். விருட்டென்று எழுந்து போனாள்.

அவள் கூப்பிட்ட கார்ச் சாவிக்காரன் மறுநாளே வந்தான். ஐந்து மணிக்கு வருகிறேன் என்றவன், வேலைக்காரர்களின் வழக்கப்படி, பொழுது இறங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தான். வாய் ஓயாத ஆள். சுண்டுவை வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்த்தி, "அம்மா கீழதான் இருக்கேன். யார் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு அவள் இறங்கி வந்தாள்.

அவன் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தான்.

"உங்ககிட்ட எத்தனை சாவி மேடம்?"

"ரெண்டு."

"வண்டி மூணுங்குது."

"புரியல."

"இதோட மூளையில மூணு சாவி பதிஞ்சிருக்கு. ஒண்ணு நீங்க, ஒண்ணு சார். மூணாவதா ஒரு ஆள் இருக்காரே, ரொம்பப் பெரிய ஆள் போலிருக்கு, சீட்டை இம்புட்டுப் பின்னால போட்டு வச்சிருக்காரு." சிரித்தான். "யார்கிட்டயாவது ரகசியமா சாவி குடுத்து வச்சிருக்கீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. "அழிச்சிடுங்க."

"ரெண்டு நிமிஷ வேலை. இதுக்கப்புறம் அந்த ஆள் வந்தா வண்டிக்கு அவரை அடையாளமே தெரியாது."

அவன் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தபோதே பக்கக் கண்ணாடிகள் விரிந்தன.

சாவிகள் இரண்டும் அங்கேயே இருந்ததால் அவன் கண்டுகொள்ளவில்லை. அவளுக்குத்தான் பிடரி சில்லிட்டது. அந்த வாடை வந்துவிட்டது. காருக்குள்ளிருந்து இல்லை, பின்னாலிருந்து, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, திறந்த தொட்டி ஒன்று பக்கத்தில் வந்து நிற்பதைப்போல. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. "சீக்கிரம்" என்றாள்.

"முடிஞ்சுது" என்றான் சாவிக்காரன். வயரை உருவிக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினான்.

கண்ணாடிகள் மடங்கின. விளக்கு அணைந்தது. கதவுகள் நான்கும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன.

குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

பிறகு ஓட்டுநர் கதவின் கைப்பிடி தானாக மேலே எழும்பி, டக் என்று விழுந்தது.

சாவிக்காரன் அவளைப் பார்த்தான். அவள் கைகள் இரண்டும் மார்போடு ஒட்டியிருந்தன. கைப்பிடி மறுபடி எழும்பியது. டக். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவர் இழுப்பதைப்போல. கதவு திறக்கவில்லை. பின் கதவு. டக். அந்தப் பக்கத்துக் கதவு. டக்.

அடுத்து நின்ற காரின் கைப்பிடி எழும்பியது.

டக்.

அதற்கடுத்த கார். டக். அதற்கடுத்தது. வரிசையாக, ஒன்றையும் விடாமல், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு அது போனது. ஒன்றும் அதற்குத் திறக்கவில்லை. சாவிக்காரன் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, "மேடம், வந்துடுங்க" என்று மட்டும் சொல்லி, வண்டிகள் ஏறும் சரிவுப் பாதையில் தலைதெறிக்க ஓடினான்.

அவளும் ஓடியிருப்பாள். ஆனால் வரிசை முடியும் இடத்தில் லிஃப்ட் இருந்தது. அதன் பொத்தான் எரிந்தது. கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லாமல் லிஃப்டின் தரை ஒரு சாண் கீழே இறங்கி, கதவு மூடிக்கொண்டது.

மேலே சுண்டு தனியாக இருந்தாள்.

படிகள். போனை எடுத்தாள், அது நழுவிப் படியில் உருண்டு கீழே போனது. எடுக்கவில்லை. முதல் மாடியைத் தாண்டும்போது நடைபாதையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். வீட்டுக் கதவுகள். ஒவ்வொன்றாக. உள்ளேயிருந்து யாரோ, "யாருங்க அது, பெல் இருக்குல்ல?" என்று எரிச்சலாகக் கேட்டார்கள். டக். அது இன்னும் முதல் மாடியில்தான் இருக்கிறது. அவள் முந்திவிட்டாள். இரண்டு இரண்டு படியாகத் தாவினாள்.

மூன்றாவது மாடி. வீடு. கதவைத் திறந்து உள்ளே விழுந்து, சாத்தி, தாழ்ப்பாள், மேல் தாழ்ப்பாள், சங்கிலி, குமிழைத் திருகும் பூட்டு, எல்லாவற்றையும் போட்டாள். சுண்டு சோபாவில் சாய்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டு, பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடி அப்படியே. கன்னத்தில் பிஸ்கட் தூள். போன உயிர் திரும்பி வந்தது.

"அம்மா, கார் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு கண்ணு. பேசாத. அம்மா சொல்றவரைக்கும் ஒண்ணும் பேசாத."

மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். நடைபாதையில் கேட்டது. பக்கத்து வீடு. டக். பிறகு அவர்கள் வீடு. கைப்பிடி எழும்புவதை உள்ளேயிருந்தே பார்த்தாள். சங்கிலி லேசாக ஆடியது. டக்.

திறக்கவில்லை.

அமைதி. நீண்ட அமைதி. எதிர் வீட்டுக் கதவுச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது கேட்கவில்லை.

குளியலறைக் கதவின் கைப்பிடி எழும்பியது.

டக்.

உள்ளே. வாசல் கதவு பூட்டியபடியே இருக்க, வீட்டுக்குள்ளே.

ஈரச் சிமெண்ட் வாடை கூடமெல்லாம் பரவியது. சமையலறையில் அலமாரிக் கதவு. டக். குளிர்சாதனப் பெட்டி. டக். படுக்கையறை. பீரோ. ஒவ்வொன்றையும் ஒரு தடவை. கோபமில்லாமல். அவசரமில்லாமல். காவலாளி சொன்னது சரிதான், அதற்கு எதையும் எடுக்கத் தெரியவில்லை. உட்கார ஓர் இடம்தான் தேடுகிறது. ஒரு இடம் இருந்தது. அதை அவள்தான் பூட்டினாள்.

சத்தம் கூடத்துக்கு வந்தது. டி.வி. மேசையின் இழுப்பறை. டக்.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு அவளுடைய மார்பெலும்புக்குக் கீழே, தோலுக்கு உள்பக்கம், ஏதோ ஒன்று விரல்நுனியைக் கொடுத்து நெம்பியது.

அவளைத்தான். அவளைத்தான் இழுத்துப் பார்க்கிறது.

பற்களைக் கடித்தாள். கண்களை இறுக மூடினாள். தொண்டையை, வயிற்றை, கைகால்களை, உடம்பில் மூட முடிந்த எல்லாவற்றையும் மூடினாள். வாழ்நாளெல்லாம் பூட்டிப் பழகியவள். தன்னையும் பூட்டிக்கொண்டாள். ஒரே ஒரு நெம்பல். விலா எலும்புகள் லேசாக எழும்பி, விழுந்தன.

டக்.

திறக்கவில்லை. அது விட்டுவிட்டது. போய்விட்டது. மூச்சு வந்தது, கண்ணீர் வந்தது, இவ்வளவு சந்தோஷத்தை அவள் வாழ்க்கையில் அனுபவித்ததே இல்லை.

அப்புறம்தான் புரிந்தது. அது எப்போதும் வரிசையாகத்தான் போகும். அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பது சுண்டு. எதையும் பூட்டத் தெரியாத குழந்தை.

"வேண்டாம்" என்றாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. "என்கிட்ட வா. இங்க வா. திறந்திருக்கேன். இதோ, திறந்துட்டேன், வா."

கைப்பிடிச் சத்தம் கேட்கவில்லை. ஒரே தடவையில், தடையில்லாமல், ஏதோ திறந்துகொண்ட மெல்லிய சத்தம்தான் கேட்டது.

சோபா அமுங்கியது. மகள் இருந்த பக்கமாக, மெதுவாக, நிற்காமல் அமுங்கியது; மரச்சட்டம் முனகியது; அந்தச் சரிவில் அவள் உடம்பு தானாக மகளை நோக்கிச் சறுக்கி, அந்தச் சின்னத் தோளில் போய் முட்டி நின்றது. தோள் கல்லாக இருந்தது. குளிர்ந்திருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

சுண்டு டி.வி.யைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பிஸ்கட் தூள் அப்படியே இருந்தது. ஆனால் முதுகு பின்னால் போய்க்கொண்டிருந்தது, சாய்மானத்தில் முட்டும்வரை, அதற்கும் அப்பால், மெல்லிய முனகலோடு. எப்போதும் அந்தரத்தில் ஆடுகிற அந்தக் குட்டிக் கால்கள் இரண்டும், இப்போது தரையில் முழுப் பாதமும் பதிய, அகல ஊன்றியிருந்தன.